வறட்டி தட்டின சுவர்

கன்னியம்மா: ...இன்னும் தெரியுது பாரு. அந்த அம்போட மூக்கு.

வேம்புலி: எங்க?

கன்னியம்மா: ஜன்னலுக்குக் கீழ. மஞ்சளா.

வேம்புலி: அது வெயிலுடி.

கன்னியம்மா: வெயிலு இன்னாய்யா அம்பு மாரி கூரா விழும்? அந்தச் சாணிய இப்டி தள்ளு. இன்னொண்ணு தட்டிடறேன்.

வேம்புலி: போதும் உடு. வாசப்பக்கத்து செவுரு முச்சூடும் வறட்டி. சம்பந்தம் பேச வர்ற மனுசன் மாட்டுக் கொட்டாய்னு நெனைச்சிகினு திரும்பிடப் போறாரு.

கன்னியம்மா: நெனைக்கட்டுமே. மாட்டுக் கொட்டாய்லகூட பொண்ணு எடுப்பாங்க. ரயிலு லைனுக்குப் போற ஊட்டுல எவன் எடுப்பான்?

வேம்புலி: கத்தாத. தெருவுல ஆளு போவுது.

கன்னியம்மா: தெருவுக்குத் தெரியாதாக்கும். ரெண்டு சாரிலயும் அல்லா ஊட்டு செவுத்துலயும் சர்வேகாரன் இதே அம்புதான் போட்டுகீறான். ஆவடிலேர்ந்து பூந்தமல்லிக்கு ரயிலு உடறானாம் ரயிலு. இத்தினி ஊரு கீது, அவனுக்கு கரையான்சாவடில நம்ம அடுப்பங்கரைதான் வழி கெடைச்சிதா?

வேம்புலி: எத்தினி தபா சுண்ணாம்பு அடிச்சேன்... அடிக்க அடிக்க மேல வருது அந்த மஞ்ச.

கன்னியம்மா: வராம? சர்வேகாரனுக்கு டீ வாங்கிக் குடுத்தே. அளக்கற ஃபீதாவோட ஒரு முனைய நீயே புடிச்சிகினு நின்னே.

வேம்புலி: பட்டா குடுக்க அளக்கறான்னு நெனைச்சேன்டி...

கன்னியம்மா: நெனைச்சே. அவன் ஓரமா சின்னதா நம்பர் போட்டான். நீதான, 'இன்னா சார், கண்ணுக்கே தெரியல, பெருசா எழுதுங்க, செவுரு நடுவுல எழுதுங்க'ன்னு சொன்னே? பக்கத்து ஊட்டுக்கெல்லாம் கை அகலத்துல அம்பு. அவுங்க ஒரு கோணிய தொங்கவுட்டு மறைச்சிட்டாங்க. நமக்கு மட்டும் செவுரு அகலத்துல.

வேம்புலி: சரி, முட்டாப்பையன்தான் நானு. எங்கப்பன் ஏரிக்கரைல குடிசை போட்ட காலத்துலேர்ந்து பட்டா பட்டான்னு அலையறோம். ஒரு ஆபீசரு வாசல்ல வந்து நின்னா மனசு அதைத்தான் நெனைக்கும். உனுக்கு மட்டும் வேற நெனைப்பு வந்துச்சா? நீதான உள்ள போயி நல்ல டம்ளர எடுத்தாந்தே?

கன்னியம்மா: ...ஆமா. எடுத்தாந்தேன்.

வேம்புலி: அப்பால இன்னா.

கன்னியம்மா: பயமா கீதுய்யா. பட்டா கீறவனுக்கு நஷ்டஈடு. பொறம்போக்குல குந்திகினு கீற நமக்கு ஒரு நோட்டீஸ்தான். எதிர்சாரில முனியம்மா பொண்ணுக்குப் பூ வெச்சிட்டுப் போனாங்களே, அவ செவுத்துல இருந்த அம்பப் பாத்துட்டு திரும்ப வந்தாங்களா? அந்தப் பொண்ணு இன்னும் தெருக்கொழாய்க்குகூட வர்றதில்ல.

வேம்புலி: நம்ம சுசீலாவுக்கு அப்டி ஆவாது. பையனூட்டுக்காரங்க இந்தத் தெருவையே பாத்ததில்ல. அதுக்குத்தான பொண்ண திருவேற்காடு கோயில்ல வெச்சிப் பாக்கலாம்னு சொன்னேன்?

கன்னியம்மா: நீ சொன்ன ஒடனே அவுங்களும் சரின்னுட்டாங்களே... பொண்ணூட்டுல வந்து பாத்தாதான் ஆச்சின்னு ஒரு வார்த்த சொல்லலியே. அதான் எனுக்கு ஒரு மாரியா கீது.

வேம்புலி: நல்லவங்கடி. ஆவடி டாங்கி ஃபேக்டரில வேல செஞ்சி ரிட்டேர் ஆனவரு. குவாட்டர்ஸ்ல இருந்தவங்க நம்ம மாரி நோண்ட மாட்டாங்க. பருத்திப்பட்டுல சொந்தமா காங்கிரீட்டு போட்ட மெத்தை ஊடு கட்டியிருக்காரு.

கன்னியம்மா: அந்த ஊடு பெருசா கீறும்ல?

வேம்புலி: ரெண்டு ரூமுன்னு தரகர் சொன்னான். முன்னாடி வராண்டா.

கன்னியம்மா: வராண்டா போதும்யா நமக்கு. ஒரு ஓரமா சுருண்டுக்கலாம். பொண்ண கட்டிக் குடுத்துட்டு, கொஞ்ச நாளு தள்ளி, மழ ஒழுவுதுன்னு ஏதாவது சொல்லிகினு போயி...

வேம்புலி: மொதல்ல பூ வெக்கட்டும். அப்பால வராண்டாவுக்குப் போலாம். கைய கழுவு, அதோ சைக்கிள தள்ளிகினு ஒர்த்தரு வர்றாரு பாரு.

கன்னியம்மா: அவரா?

வேம்புலி: அவர்தான். சிரி. அழுதுகினே நிக்காத.

அப்பாவு: வேம்புலி வீடு இதானே?

வேம்புலி: வாங்க வாங்க மச்சான்! வழி கண்டுபுடிச்சிட்டீங்களே!

அப்பாவு: கேட்டுக் கேட்டு வந்தேன். மெயின் ரோட்டுல ஜவுளிக்கடைக்காரர் சொன்னாரு... என்ன மச்சான், இப்பவே மச்சான்றீங்க?

வேம்புலி: சொல்லிப் பழகிக்கறேன். நாளைக்கு வாய் கொழறக்கூடாதுல்ல?

அப்பாவு: அதுவும் சரிதான். தங்கச்சி நல்லா இருக்கியாம்மா?

கன்னியம்மா: நல்லாகீறேண்ணா. அண்ணி வரலியா?

அப்பாவு: அவளுக்கு... வீட்டுல வேலை. என்னம்மா இது, வாசல் பக்கம் பூரா வறட்டி?

கன்னியம்மா: பின்னாடி வெயிலு விழல...

அப்பாவு: எத்தனை மாடு?

வேம்புலி: ஒண்ணுதான். மேய்ச்சலுக்குப் போயிருக்குது.

கன்னியம்மா: வித்துட்டோம்.

அப்பாவு: வித்துட்டீங்களா?

வேம்புலி: ஆமா... மேய்ச்சலுக்குப் போன எடத்துல, பாத்தவன் நல்ல வெலை சொன்னான். அங்கயே வித்துட்டோம். நீங்க உள்ள வாங்க மச்சான். குந்துங்க. ஏ, ஃபேன போடு.

அப்பாவு: நல்ல காத்தோட்டம். ஓடு நாட்டு ஓடா?

வேம்புலி: ஆமா. அப்பன் காலத்துல குடிசை. நான் எஸ்டேட்ல இரும்பு உருக்கற ஃபவுண்டரி வேலைக்குப் போனப்புறம் செவுரு எழுப்பி ஓடு போட்டேன்.

அப்பாவு: செவுரு கனமா இருக்கு. மேல மாடி எழுப்பினா தாங்குமா?

வேம்புலி: மாடியா? எதுக்கு?

அப்பாவு: சும்மா கேட்டேன். தண்ணி எப்படி?

கன்னியம்மா: பின்னாடி அடி பம்பு கீதுண்ணா. உப்பு கெடையாது.

அப்பாவு: நல்லது நல்லது. அந்த உள் ரூமுல கட்டில் போடலாமா?

வேம்புலி: போடலாம்... மச்சான், நீங்க பொண்ணு பத்தி பேச வந்தீங்களா, ஊடு வாடகைக்குக் கேட்டு வந்தீங்களா?

அப்பாவு: ஹ... ஹ... வயசாச்சில்ல, எதைப் பாத்தாலும் அளக்குது கண்ணு. ஃபேக்டரி பழக்கம்.

கன்னியம்மா: காப்பி எடுத்துக்கண்ணா.

அப்பாவு: குடும்மா. ஆமா... இந்தப் பக்கம் ஏதோ ரயில் லைன் வருதாமே?

வேம்புலி: யாரு சொன்னா?

அப்பாவு: ஜவுளிக்கடைக்காரர் பேச்சுவாக்குல சொன்னாரு.

வேம்புலி: வருதுன்றாங்க. ஆனா அது மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட. நமக்கு ஒண்ணும் கெடையாது. இன்னாடி?

கன்னியம்மா: ...ஒண்ணும் கெடையாது.

அப்பாவு: ஊர்ல என்ன பேசிக்கறாங்க?

வேம்புலி: ஆளுக்கு ஒண்ணு. பஸ்ஸுல தொங்கிகினு போற பசங்க, எப்படா வரும்னு கீறான். சைக்கிள் கடைக்காரன் ஸ்டேஷன் வாசல்ல ஸ்டாண்டு போடப்போறேன்னு இப்பவே தகரம் வாங்கிப் போட்டுகீறான். ஆனா உங்க ஜவுளிக்கடைக்காரரு அலர்றாரு. ஜனங்க ரயிலேறி டவுனுக்குப் போயி துணி எடுத்துடுவாங்களாம். இவரு காத்து வாங்கணுமாம்.

அப்பாவு: அவர் கவலை அவருக்கு.

வேம்புலி: பீச்சாண்ட தூணு நட்டு, மேலயே ரயிலு உடறான்றாங்களே மச்சான். அது மாரி இங்கயும் தலைக்கு மேல உட்டுட்டா யாருக்கும் நஷ்டமில்ல. தரைல உடணும்னா எவனாவது எழுந்திரிச்சி எடம் குடுக்கணும். பஸ்ஸுல எடம் குடுக்கற மாரி ஊட்ட குடுத்துட முடியுமா? அப்டியே இந்த—

கன்னியம்மா: இந்தா, காப்பி ஆறுது.

வேம்புலி: ...அப்டியே அந்தாண்ட கீறவங்க பேசிக்கறாங்கன்னு சொல்றேன்.

அப்பாவு: புரியுது மச்சான். நல்லாவே புரியுது.

கன்னியம்மா: உங்க பக்கம் எப்டிண்ணா? பருத்திப்பட்டு வழியாதான போவுது?

அப்பாவு: எங்க பக்கமா? ம்... போகுது. தள்ளிப் போகுது. புரோக்கருங்களுக்குத்தான் கொண்டாட்டம். கல்லு நட்ட பொட்டல் எல்லாத்துலயும் 'ரயில் நிலையம் அருகில்'னு போர்டு. ஸ்டேஷன் எங்க வரும்னு அந்த ரயில்காரனுக்கே தெரியாது, இவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

வேம்புலி: உங்க ஊட்டுலேர்ந்து ஸ்டேஷன் கிட்டவா?

அப்பாவு: கிட்டதான்... ரொம்பக் கிட்ட.

கன்னியம்மா: அப்ப ஷோக்குதான். சுசீலா ஊட்டுலேர்ந்து எறங்கி நேரா ரயிலேறிடலாம்.

அப்பாவு: அதான்மா நான் ஒண்ணு யோசிச்சேன். நம்ம பையன் கோவிந்தராஜுக்கு வேலை கிண்டில. பருத்திப்பட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். இங்கேர்ந்துன்னா போரூர் வழியா ஒரே பஸ். கல்யாணம் ஆனதும் புள்ளைங்க இங்கயே இருந்துட்டா...

கன்னியம்மா: இங்கயா?

அப்பாவு: ஏம்மா, மாப்பிள்ளைக்கு சோறு போடமாட்டியா?

கன்னியம்மா: அய்யோ, அதுக்கில்லண்ணா. பொண்ணு மாமியார் ஊட்டுல போயி வெளக்கேத்தணும், அதான மொறை? நாங்க அப்பப்ப வந்து பாத்துக்கறோம். வந்தா ரெண்டு நாளு... கொஞ்ச நாளு தங்கிட்டு வர்றோம்.

அப்பாவு: நீங்க எதுக்கும்மா அலையணும்? நாங்க வர்றோமே உங்க வீட்டுக்கு.

வேம்புலி: நீங்க பையனப் பெத்தவங்க, நீங்க வர்றதா? நாங்கதான் வரணும்.

அப்பாவு: அந்தக் காலம் போச்சு மச்சான். யார் வந்தா என்ன?

வேம்புலி: கல்யாணத்துக்கு முன்னாடியே புள்ளைங்கள ரெண்டு பேரும் இப்டி புடிச்சித் தள்றோமே, அதுங்க கேட்டா இன்னா நெனைக்கும்?

அப்பாவு: ஹ... ஆமா.

கன்னியம்மா: அண்ணா, பூ வெக்கறதுக்கு முன்னாடி ஊடு பாக்கறதுன்னு ஒண்ணு கீதுல்ல. பொண்ணு வாழப்போற ஊட்ட நாங்க நாலு பேரு வந்து பாக்கணும். வர்ற புதங்கெழம வரட்டுமா?

அப்பாவு: புதன்கிழமையா... வெள்ளை அடிச்சிட்டு இருக்கோம்மா.

கன்னியம்மா: அப்ப அடுத்த புதன்?

அப்பாவு: அதுக்கப்புறம் பெயிண்ட்டு... தரை வேற போடணும். எதுக்கும்மா அந்தச் சடங்கெல்லாம்? நேரா பூ வெச்சிடலாம். இந்த வெள்ளிக்கிழமையே வெச்சிடலாம்.

வேம்புலி: இந்த வெள்ளியா?

அப்பாவு: கல்யாணத்த ஆனிலயே முடிச்சிடலாம். ஆடி பொறந்துட்டா தள்ளிப் போயிடும். ஆவணி வரைக்கும் காத்திருக்க எங்களால... எதுக்குக் காத்திருக்கணும்? உங்களுக்கு அவசரம்னு தோணுதா?

வேம்புலி: எங்களுக்கா? சேச்சே. எங்களுக்கும் ஆனிதான் நல்லது. சீக்கிரம் ஆனா அல்லாருக்கும் நல்லது. சீரு செனத்தின்னு இன்னா எதிர்பாக்கறீங்கன்னு...

அப்பாவு: ஒண்ணும் வேணாம். பொண்ணு கட்டின பொடவையோட இங்கயே இருக்கட்டும்... வரட்டும்னு சொல்ல வந்தேன். பம்பு எங்க இருக்கு மச்சான்? சைக்கிள் மிதிச்சதுல காலு பூரா மண்ணு.

வேம்புலி: பின்னாடி. அப்டி நேரா போங்க.

கன்னியம்மா: ...போய்ட்டாரா?

வேம்புலி: மெதுவா பேசு. இன்னாடி இது? சீரு வேணாங்கறாரு, ஊடு பாக்க வராதன்றாரு, இந்த வெள்ளியே பூ வெக்கலாம்ன்றாரு. பையனுக்கு ஏதாவது கொறையா?

கன்னியம்மா: கோயில்ல பாத்தமே. ஒயுங்காத்தான் கீறான். நல்லா பேசனான்.

வேம்புலி: வலிப்பு கிலிப்பு...

கன்னியம்மா: வாய கழுவு. அல்லாத்தையும் மூடி வெக்கறது நாம, அவுங்க மேல சந்தேகப்படறதும் நாமளா?

வேம்புலி: அப்ப வெள்ளிக்கெழமைக்கு சரின்னு சொல்லிடு. வாய்ல வந்து விழுது, தட்டாத.

கன்னியம்மா: அந்த ஆளு என்னைத் தங்கச்சின்றாரு. கண்ணப் பாத்து சிரிக்கறாரு. நாளைக்கு லைன்காரன் வந்து இடிப்பான். அன்னிக்கு அவுரு சுசீலாவப் பாத்து, 'உங்காத்தா வறட்டி தட்டி என்னை ஏமாத்தனா'ன்னு ஒரு வார்த்த சொன்னா, எம்பொண்ணு அந்த ஊட்டுல எப்டி தலைய நிமிந்து சோறு துன்னும்?

வேம்புலி: சொன்னா இப்பவே எழுந்து போயிடுவாரு. முனியம்மா பொண்ணு கதிதான் நம்ம பொண்ணுக்கும்.

கன்னியம்மா: தெரியும்.

வேம்புலி: தெரிஞ்சும்...

கன்னியம்மா: ஷ்... வர்றாரு.

அப்பாவு: அருமையான தண்ணி மச்சான். கையில அள்ளிக் குடிச்சேன். பின்னாடி முருங்கை மரம் வேற. சுத்திப் பாத்தேன், எவ்வளவு நிதானமா கட்டியிருக்கீங்க. இன்னும் ரெண்டு தலைமுறைக்கு அசையாது இந்த வீடு. எனக்கு இப்பதான் மனசு லேசாச்சு. என்னம்மா... ஏன் அழுவுற?

வேம்புலி: அவளுக்குக் கண்ணுல தூசி...

கன்னியம்மா: தூசி இல்ல. நீ சும்மா இரு. அண்ணா, கொஞ்சம் வாசலுக்கு வாங்க.

வேம்புலி: கன்னியம்மா!

கன்னியம்மா: வாங்கண்ணா. இந்த வறட்டிய நானே பேக்கறேன், பாருங்க.

வேம்புலி: மச்சான், அவ ஏதோ...

கன்னியம்மா: காலைலதான் தட்டனது, ஈரம் காயல. எங்களுக்கு மாடே கெடையாது. எதிர்த்தாப்ல கொட்டாய்ல சாணி கேட்டு வாங்கினு வந்தேன். பாருங்க. இதுதான் நம்பரு. இதுதான் அம்பு. லைனு அந்தாண்ட போவுதுன்னு இவரு சொன்னது பொய்யி. எங்க அடுப்பங்கரை மேலயே போவுது. பட்டா கெடையாது. துட்டும் வராது. முன்னாடி பூ வெச்சவங்க திரும்பிப்போன தெருவுண்ணா இது. அதான் மறைச்சோம். இன்னொண்ணும் சொல்லிடறேன். இத இடிச்சிட்டா, சம்பந்தி ஊட்டு வராண்டால ஓரமா படுத்துக்கலாம்னுதான் நானும் இவரும் இத்தினி நாளா பேசிகினு இருந்தோம். உங்க ஊட்ட பாக்காமலே அதுல பாய விரிச்சிட்டோம்.

வேம்புலி: அவ சொன்னது நெஜந்தான் மச்சான். வறட்டி தட்ட சொன்னதும் நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. பொண்ண மட்டும் வேணான்னுடாதீங்க. அவ காலைலயே வேலைக்குப் போயிட்டா, இந்த வறட்டி சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது.

அப்பாவு: ...அதே மஞ்சளு.

வேம்புலி: இன்னாது?

அப்பாவு: அதே பெயிண்ட்டுன்னேன். இவ்வளவு பெருசா எழுதல. மத்தபடி அதேதான்.

வேம்புலி: அதேன்னா... எங்க பாத்தீங்க?

கன்னியம்மா: அண்ணா, கோவமா? வாயத் தொறந்து சொல்லிடுங்க. வெள்ளிக்கெழம பூ வெக்க வருவீங்களா, மாட்டீங்களா?

அப்பாவு: எந்த மூஞ்சிய வெச்சிகிட்டும்மா நான் கோவப்படுவேன்? குவாட்டர்ஸ காலி பண்ணிட்டு ஆசை ஆசையா கட்டின வீட்டுல, வாசக்கால் பக்கத்துலயே இதே அம்பு போட்டுட்டுப் போயிட்டான்... ஏரித் தண்ணி நிக்கற உள்வாய் எடத்த மனைன்னு சொல்லி வித்துட்டான் புரோக்கரு, பத்திரம் செல்லாதாம், ஆடிக்குள்ள காலி பண்ணணுமாம். கோவிந்தராஜ் கல்யாணம் பண்ணிகிட்டு இங்க வந்துட்டா, பின்னாடியே நாங்களும் வந்து ஒண்டிக்கலாம்னுதான் உன் வீட்ட அளந்து அளந்து பாத்தேன் தங்கச்சி. அவன் அம்மா பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் சாக்குல கட்டி வெச்சிட்டு, நான் போயி நல்ல சேதி சொல்வேன்னு வாசல்லயே உக்காந்திருக்கா.